மொய்ரால் நிறுத்தத்தில் கை தூக்கியவள் எழுதும் இரண்டாம் மனு

அனுப்புநர்
ஒதீலியா த்ரிகைரோ,
க/பெ. அதேரித்து த்ரிகைரோ,
ரயில் நிறுத்தத்தை ஒட்டிய வீடு,
மொய்ரால், டோரு ஆற்றங்கரை.

பெறுநர்
காட்சி ரயில் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
பள்ளத்தாக்குப் பயணிகள் அலுவலகம்,
போர்ட்டோ.

பொருள்: காலை ரயில் மொய்ராலில் நின்று என் கணவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. ஜூன் மாதம் நான் அனுப்பிய முதல் மனு. 2. அதற்குத் தங்கள் பதில் கடிதமும், அத்துடன் இணைத்திருந்த ‘திராட்சைப் பள்ளத்தாக்கை அடைய ஐந்து வழிகள்’ என்ற வண்ணக் கையேடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் பதில் கிடைத்தது. அலுவலகத்திலிருந்து பதில் வந்ததே பெரிது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். ஆகவே முதலில் நன்றி. ஆனால் எங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்குப் போக ஒரே ஒரு வழிதான் நான் கேட்டிருந்தேன். தாங்களோ வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து ஒயின் குடித்துவிட்டுப் போக ஐந்து வழிகளை அனுப்பி வைத்திருக்கிறீர்கள். பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொன்ன கதையாக இருக்கிறது. என் எழுத்து கொஞ்சம் காரமாக இருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திராட்சை பறிக்கும் பெண்களுக்குப் பல வருடம் மேஸ்திரியாக இருந்தவள் நான். அதட்டிப் பழகிய வாய்.

2. என் கணவர் அதேரித்துவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் பெனசோல் நகர மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பெனசோல் எங்களுக்கு ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. ரயிலில் அரை மணி நேரப் பயணம். போர்ட்டோவிலிருந்து வரும் காலை ரயிலில் ஏறினால் நேரத்துக்குப் போய்விடலாம். அந்த ரயில் மொய்ராலில் தானாக நிற்காது. நடைமேடையில் நின்று கையை உயர்த்தினால் நிற்கும். அதுதான் இந்தத் தடத்தின் வழக்கம், ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் பிரசவத்துக்கும் நாங்கள் கை தூக்கித்தான் போய்வந்தோம்.

3. கடந்த மார்ச் மாதம் அந்தக் காலை ரயில் காட்சி ரயிலாக மாறியது. கூரை வரை கண்ணாடி வைத்தார்கள், இருக்கைக்கு மெத்தை போட்டார்கள். இனி மொய்ராலில் நிற்காது என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நடைமேடையில் ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. அந்தத் திங்கட்கிழமை வழக்கம்போல் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் கையைத் தூக்கி நின்றேன். ரயில் வந்தது, வேகம் குறைந்தது. நிற்கப் போகிறது என்று அவரைக் கைத்தாங்கலாக எழுப்பினேன். பிறகுதான் தெரிந்தது, எங்கள் நிறுத்தத்துச் சுவரில் பதித்த நீலப் பீங்கான் ஓட்டுச் சித்திரங்களைப் பயணிகள் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தார்கள் என்று. நான் இன்னும் உயரமாகக் கையைத் தூக்கினேன். கண்ணாடிக்கு உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே எனக்குக் கை அசைத்தார்கள். சிலர் இரண்டு கையாலும் அசைத்தார்கள். படம் எடுத்தார்கள். ரயில் போய்விட்டது.

அன்று அவருக்குச் சிகிச்சை இல்லை. மறுநாள் மூச்சு விட முடியாமல் முகம் நீலமாகி, ஆம்புலன்ஸை மலைமேல் நிறுத்திவிட்டு ஆட்கள் படியிறங்கி வந்து சேர்வதற்குள் நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுவிட்டேன். பிழைத்தார். ஆனால் பழைய ஆளாக வீடு திரும்பவில்லை.

4. இதை எல்லாம்தான் முதல் மனுவில் எழுதினேன். நடைமேடை குட்டையானது, நின்றால் கால அட்டவணை கெடும் என்று பதில் வந்தது. முதல் பெட்டி ஒன்று நடைமேடையில் நின்றாலே எங்களுக்குப் போதும் ஐயா. சித்திரம் பார்க்க நடை வேகத்துக்கு இறங்கும்போது கெடாத அட்டவணை, ஒரு நோயாளி ஏறும்போது மட்டும் கெட்டுப்போகுமா?

அத்துடன் வந்த கையேட்டின் அட்டையைப் பார்த்தேன். அட்டையில் இருப்பது நான். கை தூக்கிய நிலை. கீழே ‘பள்ளத்தாக்கு மக்கள் அன்புடன் வரவேற்கிறார்கள்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. ஓரத்தில் அவருடைய முழங்காலும் தொப்பியின் நுனியும் தெரிகின்றன, முகத்தை வெட்டிவிட்டார்கள். அதைப் பார்த்த அன்று நான் அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில் அழுதேன்.

5. தாங்கள் சொன்ன மற்ற வழிகளையும் நாங்கள் முயலாமல் விடவில்லை என்பதைத் தெரிவிக்க வேண்டும். முதல் வழி தங்கள் காட்சி ரயிலேதான், அதை விட்டுவிடுகிறேன். இரண்டாம் வழி படகு. மேல்நோக்கிப் போகும் படகு மொய்ரால் துறையில் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒயின் சுவைக்கும் சீட்டுச் சேர்த்து வாங்கினால்தான் ஏற்றுவார்கள். வாங்கினோம். நடுவழியில் ஒரு தோட்டத்தில் எல்லோரையும் இறக்கி, சுவைத்து முடித்தால்தான் படகு நகரும் என்றார்கள். நாளெல்லாம் இரண்டு தம்ளர் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாத மனிதரை மேசையில் உட்கார வைத்து, அவர் முன்னால் ஐந்து கிண்ணங்களை வரிசையாக வைத்தார்கள். ஊற்றிய பெண் நல்ல பெண்தான். அவரிடம் குனிந்து, “ஐயா, கண்ணை மூடி மோந்து பாருங்க. என்ன வாசனை வருது? கொடிமுந்திரியா, புகையா?” என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி மோந்துவிட்டு, “எனக்குத் தண்ணி வாசனைதான் வருது கண்ணு” என்றார். சுற்றி இருந்தவர்கள் நல்ல நகைச்சுவை என்று கை தட்டினார்கள். தாகம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. பெனசோல் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. எங்கள் முறை தாண்டிவிட்டது என்று பாதி நேரம் மட்டும் இயந்திரத்தில் போட்டு அனுப்பினார்கள்.

6. மூன்றாம் வழி சொகுசுப் பேருந்து. அது போர்ட்டோவிலிருந்து மலைமேல் உள்ள ஒரு ஒயின் தோட்டத்துக்கு வந்து அப்படியே திரும்பிப் போவது. ஓட்டுநர் வால்தெமார் மனசு கேட்காமல் ஒரு நாள் பயணிகளைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு, காலி வண்டியில் எங்களைப் பெனசோல் வரை கொண்டுபோய் விட்டார். அதற்காக அவர் நிர்வாகத்திடம் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது. “அக்கா, இன்னொரு தடவ கூட்டிட்டுப் போனா என் சோத்துல மண்ணு விழும்” என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன். நல்லது செய்தவன் ஒருவன்தான். அவனையும் கெடுக்க வேண்டாம்.

நான்காம் வழி வாடகைக் கார். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் இனி ஓட்டக் கூடாது. ஐந்தாவது ஹெலிகாப்டர். அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அதற்காகத் தங்களுக்கு மனமார்ந்த நன்றி.

7. தாங்கள் கேட்பீர்கள், தீயணைப்பு நிலையத்தார் நோயாளிகளுக்கு இலவசமாக வண்டி விடுகிறார்களே என்று. விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊருக்கு இறங்கும் சாலையின் தாங்குசுவர் பிப்ரவரி மழையில் சரிந்துவிட்டது. அடுத்த வருடம் கட்டுவார்களாம். வண்டி மலைமேல் கல் சிலுவை வரைக்கும்தான் வரும். கீழே இருந்து அங்கே போகத் திராட்சை வரப்புகளுக்கு நடுவே படிகள்தான். வசந்தகாலத்தில் நின்று நின்று ஏறினார். கோடை வந்ததும் பத்துப் படிக்கு மேல் அவரால் முடியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு ஜெஃபெரீனோவுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் சிற்றாலயத்தில் புனித பிராஸை ஊர்வலம் கொண்டுபோகும் சப்பரம் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு, அதில் சமையலறை நாற்காலியைக் கட்டி, நான்கு பேராக அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். புனிதருக்கு வருடத்தில் ஒரு நாள்தான் ஊர்வலம், என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள். தூக்கிய நால்வரும் அறுபதைத் தாண்டியவர்கள். வாலிபர்கள் எல்லாம் வெளிநாட்டிலோ தோட்ட வேலையிலோ இருக்கிறார்கள். “என்ன அதேரித்து, உன்னத் தூக்கினா அந்தப் புனிதர் தர்ற வரத்த நீ தருவியா?” என்று கிண்டல் செய்துகொண்டே தூக்குவார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் மேலே போனதும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

8. நேற்று முன்தினம் திங்கட்கிழமை, அறுவடைக்காகத் தண்ணீர் தெளித்த படியில் ஜெஃபெரீனோவின் கால் வழுக்கியது. சப்பரத்தை விடக் கூடாது என்று முழங்காலை ஊன்றிவிட்டார். என் கணவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜெஃபெரீனோவின் முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. அறுவடைக் காலத்தில் ஒரு மனிதன் கட்டிலில் கிடப்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அன்று சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதேரித்து சொன்னார்: “இந்தா புள்ள, கேட்டுக்க. இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம். ஒருத்தன் காலை ஒடச்சு நான் உசுரோட இருக்கணுமா? போதும்.” நான் அதட்டினேன், கெஞ்சினேன், ஜெஃபெரீனோவே கட்டிலில் இருந்து ஆள் அனுப்பித் திட்டினார். அவர் அசையவில்லை. இன்று புதன்கிழமை. சிகிச்சைக்குப் போகவில்லை. கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமையும் தவறினால் தாங்காது என்று பெனசோல் மருத்துவர் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அவர் அதை நாசூக்காகத்தான் சொன்னார். எனக்குப் புரிந்தது.

9. எனக்கு அவர் வேண்டும் ஐயா. மனுவில் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் இந்த ஆறு பக்க மனுவையும் பிழிந்தால் அது ஒன்றுதான் மிஞ்சும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் இணங்கியிருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் இருந்து நடைமேடைக்கு யாரும் அவரைத் தூக்கத் தேவையில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார். “ரயிலு நின்னா வரேன். நின்னாத்தான்” என்றார்.

10. ஆகவே நான் வேண்டுவது: காலை ரயில் திங்கள், புதன், வெள்ளியில் மொய்ராலில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், மாலையில் திரும்பி வரும்போதும் அப்படியே. அந்த உத்தரவு பல மேசைகளைத் தாண்டித்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலின் அறுவடைக்காலச் சிறப்பு ஓட்டம் தொடங்குகிறது என்றும், தாங்களே விருந்தினர்களுடன் முதல் பெட்டியில் வருகிறீர்கள் என்றும் செய்தித்தாளில் பார்த்தேன். அதனால்தான் தபாலில் போடாமல் இதை இன்று மாலை திரும்பும் பேருந்தில் வால்தெமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் ஊரிலிருந்து காகிதம் போகத் தடை இல்லை. அவர் நாளைக் காலையில் தங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிடுவார்.

மொய்ரால் நெருங்கும்போது ரயில் மெதுவாகும். தங்களுடன் வருபவர்கள் ஜன்னல் பக்கம் எழுந்து போவார்கள். தாங்கள் போக வேண்டாம். கதவுக்கு மேலே சிவப்பு நிறத்தில் ஒரு பிடி இருக்கிறது, அதைக் கீழே இழுங்கள். ரயில் நின்றுவிடும். காரணமில்லாமல் இழுத்தால் தண்டனை உண்டு என்று அதன் அடியில் எழுதியிருக்கும். தாங்கள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை ஐயா. காரணம் நடைமேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

இடம்: மொய்ரால்
நாள்: செப்டம்பர் 17, புதன்கிழமை

தங்களை எதிர்பார்த்திருக்கும்,
ஒதீலியா த்ரிகைரோ