நோட்டில் மட்டும் நாற்பத்தெட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீ சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அது ஒன்றுதான் நல்ல சேதி. உன் ஆராய்ச்சிக்காக அப்பா தான் காவல் பார்க்கும் செல்போன் டவர் கொட்டகையில் இருக்கும், மின்சாரம் தரும் ஃப்யூயல் செல் பெட்டியைத் தினமும் காலையில் பத்து நிமிடம் ஓட்டி, மீட்டரில் வரும் வோல்ட்டை நோட்டில் எழுதி மாதாமாதம் உனக்கு அனுப்புகிறார் அல்லவா, போன வாரம் அவரால் மேடு ஏற முடியாமல் நான் போனேன். மீட்டரில் நாற்பத்தொன்று. நோட்டைப் புரட்டினால் மார்ச்சிலிருந்து நாள் தவறாமல் நாற்பத்தெட்டு! வீட்டுக்கு வந்து அவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். மனுஷர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "பாப்பா அஞ்சு வருஷமா அதுக்காக உசிரை விடுறா. குறைஞ்சுட்டே போகுதுன்னு நான் எப்படி எழுதுவேன்?" என்றார். அது ஏன் குறைகிறது என்றுதானே அவள் படிக்கிறாள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீ அந்த எண்களை நம்பிக் கட்டுரை எழுதிவிடாதே அம்மா, மார்ச்சிலிருந்து உள்ளதையெல்லாம் அடித்துவிடு.

அவரைத் திட்ட எனக்கு மட்டும் என்ன யோக்கியதை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் அப்பா நன்றாக இருக்கிறார் என்று நானும்தானே சொன்னேன், உன் படிப்பு கெடும் என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். அவர் எடை இப்போது ஐம்பத்திரண்டு கிலோ. ஈரலில் கட்டி, முற்றிவிட்டது. சில மாதங்கள்தான் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. உன்னிடம் மறைத்த வரைக்கும் போதும்.

உடனே புறப்பட்டு வா. டிக்கெட் போட்டுவிட்டுத் தம்பிக்குச் சொல், அழுதுகொண்டே அவசரத்தில் பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே. இன்று காலையும் நான்தான் கொட்டகைக்குப் போனேன், நோட்டில் நாற்பத்தொன்று என்றே எழுதினேன். திரும்பி வந்ததும் எவ்வளவு என்று கேட்டார். நாற்பத்தெட்டு என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டார். நீ வந்தாலும் அதையே சொல், கண்ணே.

நூறு வயது நன்றாக இரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா