வெப்ப அழுத்தம் என்று எழுதிக்கொடுத்தேன்

மார்ச் 4

மூன்றாவது வாரமாக மழை. இந்த மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்க வேண்டும். பிப்ரவரியிலேயே பிளந்து முடித்துவிட்டது, இப்போது வெள்ளம். எங்கள் கால்நடை மருத்துவமனை வாசலில் கணுக்கால் அளவு கால்வாய்த் தண்ணீர். செத்த எலி ஒன்று உப்பி மிதந்தது. காவலாளி அதைத் துடைப்பத்தால் பக்கத்துக் கடை வாசலுக்குத் தள்ளினார். கடைக்காரர் திருப்பித் தள்ளினார். இருவர் முகத்திலும் கடமையை முடித்த நிம்மதி. எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 7

அண்ணன் கூப்பிட்டார். இரண்டு மாடுகள் மாதம் நிறையாமலே கன்று வீசிவிட்டனவாம். போனேன்.

கால்வாய்க் கரையில் கொட்டில், இருபத்தாறு மாடுகள். கழிவுநீர் நேராகக் கால்வாயில் இறங்குகிறது. பல வருஷமாக இறங்குகிறது, நானும் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஒரு மாட்டின் மடி ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தது. பால் ரத்தம் கலந்து வந்தது. தீவன மூட்டைகளுக்குள் எலிகள்.

எலிக்காய்ச்சல். மாட்டின் மூத்திரத்திலேயே கிருமி இறங்கும், அந்தத் தண்ணீரில் கால் வைக்கிற மனிதருக்கும் தொற்றும். பார்த்ததுமே தோன்றிவிட்டது. தோன்றாதது போலப் பைக்குள் எதையோ தேடினேன்.

"பாப்பா, எங்கேயும் எழுதிடாதே. நோய்னு பேர் வந்துட்டா பாலை ஒருத்தனும் தொடமாட்டான். உன்னைப் படிக்க வச்சதே இந்த மாடுங்கதான்," என்றார் அண்ணன். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதிவேட்டில் எழுதினேன்: வெப்ப அழுத்தத்தால் கருச்சிதைவு. கீழே கையெழுத்து. மழையில் நனைந்துகொண்டே வெப்ப அழுத்தம் என்று எழுதிய முதல் மாட்டு டாக்டர் நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் 8

கையை நாலு முறை கழுவினேன்.

மார்ச் 12

கூட்டம். எங்கள் கட்டடத்தின் மாடியில்தான் சுகாதார அலுவலகம். மாட்டு வியாதி கீழே, மனுஷ வியாதி மேலே. கால்வாயின் கீழ்ப்புறத் தெருக்களில் பதினொரு பேருக்குக் காய்ச்சல் என்றார் சுகாதார அதிகாரி. "சீசன் காய்ச்சல்தான். உங்க பக்கம் ஏதாவது இருக்கா?"

"வெயில் பாதிப்புதான்," என்றேன்.

பிஸ்கட் தட்டு சுற்றி வந்தது. எல்லோரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன், தின்றேன். சீ.

மார்ச் 15

மந்திரி படுத்துவிட்டார். அண்ணன் கொட்டிலில் பதினாறு வருஷமாகப் பால் கறப்பவர். அவரைக் கேட்காமல் அண்ணன் ஒரு கயிறுகூட மாற்றமாட்டார் என்பதால் மந்திரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று நாளாகக் காய்ச்சலாம். கடை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொட்டிலோர அறையில் கிடந்தார். கெண்டைக்காலைத் தொட்டால் துடிக்கிறார். கண்ணெல்லாம் மஞ்சள். பாதம் முழுக்க வெடிப்பு. வெறுங்காலோடுதானே அந்தச் சாணித் தண்ணீரில் நிற்கிறார்.

"மாட்டுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதிக் குடுத்ததா முதலாளி சொன்னாரு டாக்டரம்மா. நல்ல வேளை," என்றார்.

நல்ல வேளையாம். நாற்றம் கொட்டிலில் இல்லை, என் மேல்தான் அடித்தது.

என் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "எலிக்காய்ச்சலான்னு பாருங்க, மாட்டுலேர்ந்து வந்திருக்கும்," என்று அங்கிருந்த டாக்டரிடம் சொன்னேன்.

"எப்போலேர்ந்து சந்தேகம்?"

"எட்டு நாளா."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

மார்ச் 16

காலையிலேயே மாடுகளுக்கு ரத்தமும் மூத்திரமும் எடுக்கப் போனேன். அண்ணன் வாசலை மறித்து நின்றார்.

"கூடப் பொறந்தவ செய்ற வேலையா இது?"

"மந்திரிக்கு மூத்திரம் இறங்கல அண்ணா. கிட்னி போயிட்டிருக்கு."

அவர் நகரவில்லை. அண்ணிதான் உள்ளிருந்து வந்து தாழ்ப்பாளை நீக்கினார். "அவ எடுக்கட்டும். வழி விடுங்க."

மதியம் மாடி ஏறினேன். ஒன்பது வருஷ வேலையில் கூட்டம் இல்லாத நாளில் அந்தப் படிகளை மிதித்தது இதுவே முதல் தடவை. பதிவேட்டை நீட்டி, "இது பொய். நான்தான் எழுதினேன்," என்றேன்.

சுகாதார அதிகாரி நிதானமாகப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். கீழ்ப்புறத் தெருக்காரர்களின் ரத்தப் பரிசோதனை. மூன்று பேருக்கு எலிக்காய்ச்சல். போன வாரமே வந்த முடிவு.

"பீதியைக் கிளப்ப வேணாம்னு மேலிடத்துல சொன்னாங்க," என்றார்.

ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். என் பதிவேட்டையும் அவர் தாளையும் அருகருகே வைத்தேன். அப்புறம் அவர் தொலைபேசியை எடுத்து, மேலிடத்திடம் இரண்டையும் சொன்னார்.

மார்ச் 20

கீழ்ப்புறத் தெருவில் ஒரு பெண் எலிக்காய்ச்சலில் இறந்துவிட்டார். தையல்காரி. முழங்கால் தண்ணீரில் நின்று மிஷினைக் காப்பாற்றியவர். அண்ணன் மாட்டிலிருந்து வந்ததா, எலியிலிருந்து வந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. தெரியாமல் போனதே என் தண்டனை என்று எழுதி, அடித்துவிட்டேன். அழகாக வாக்கியம் எழுதுகிற யோக்கியதை எனக்கு ஏது?

மார்ச் 22

மாட்டுப் பரிசோதனையிலும் அதே எலிக்காய்ச்சல்தான். பாலைக் கொதிக்கவைத்துக் குடித்தால் பயமில்லை, தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள் என்று சுகாதார அதிகாரியும் நானும் தெருத்தெருவாகச் சொன்னோம். இரண்டாவதைப் பாதிப் பேர் கேட்டார்கள். முதலாவதை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் பாலை எல்லாம் கீழே கொட்டுகிறாராம். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஒளிக்காமல் பதில் எழுதினேன்.

ஏப்ரல் 2

மந்திரி பிழைத்துக்கொண்டார். டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். அவர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், பொய் எழுதியது உட்பட. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டு முடித்தார்.

"இனிமே வராதீங்கம்மா," என்றார்.

எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 11

மழை விட்டு, கொளுத்துகிறது. எனக்கு இடமாற்றம் உறுதி, மாதக் கடைசியில். அதற்குள் கரையோர மாடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டு முடிக்க வேண்டும்.

இன்று அண்ணன் கொட்டில். கால்வாய்க்குப் போன வழியைச் சிமெண்ட் வைத்து அடைத்து, பின்பக்கம் கழிவுக்குழி வெட்டியிருக்கிறார்கள். அண்ணி ரப்பர் பூட்ஸோடு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒவ்வொரு மாடாகக் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தார், போட்டேன். பதினேழாவது மாட்டிடம் போனபோது, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"இது உதைக்கும். தள்ளி நின்னு போடு."