ஈஸ்டருக்கு முந்தின சம்பளம்

ஏப்ரல் 7, திங்கள்

இன்று முதல், எங்களைப் போன்ற குறைந்த கூலிக்காரர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை உயர்கிறது என்று காலையிலிருந்து வானொலியில் ஒரே பெருமை. சலவை ஆலையில் இஸ்திரி இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் டெலித், இந்தப் பக்கம் நான். மருத்துவமனை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்துக்கொண்டே அவள் சொன்னாள்: "மாசத்துக்கு ஏழு பவுண்டு கூட இல்லையாம் மென்னா. கொண்டாடிடுவோமா?"

அதுவும் எப்போது? உதவித்தொகைக்கு ஆளுக்கொரு கணக்கு மாதம், அதற்குள் வந்த சம்பளத்தைப் பார்த்துத்தான் தொகை. என்னுடையது ஐந்தாம் தேதியே தொடங்கிவிட்டது. உயர்வு ஏழாம் தேதிக்குப் பிறகு தொடங்கும் மாதத்துக்குத்தான். ஆக, என் அடுத்த கணக்கு மாதம் முடிந்து கைக்கு வர ஜூன் ஆகும். கூலி உயர்வோ இந்த மாதமே. கூலியில் ஒரு பவுண்டு கூடினால் உதவித்தொகையில் பாதிக்கு மேல், ஐம்பத்தைந்து பென்ஸ், பிடித்துக்கொள்வார்கள். பிடிப்பது முதலில், கொடுப்பது பிறகு. நல்லா இருங்கப்பா.

ஏப்ரல் 9, புதன்

சம்பளத் தேதி 21. இந்த முறை அது ஈஸ்டர் திங்கள், வங்கி விடுமுறை. 22ஆம் தேதி போடுவதாக மேற்பார்வையாளர் ப்ராசர் சொல்லிவிட்டான். பண்டிகை முடிந்த பிறகு யாருக்கு வேண்டும்? 17ஆம் தேதியே கொடு என்று நானே மனு எழுதினேன். பதினான்கு பேர் கையெழுத்து.

டெலித் மட்டும் இழுத்தாள். "எனக்கு இருபதாம் தேதிதான் கணக்கு மாசம் மாறுது. உதவித்தொகை ஆபீசுக்கு போன் பண்ணி கேட்டுட்டு போடறேனே."

"நீ லைன்ல காத்திருந்து கேட்டு முடிக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸே வந்துடும். போடுடி, பயந்தாங்கொள்ளி!"

எல்லோரும் சிரித்தார்கள். முகம் சிவந்துபோய்ப் போட்டாள். வாடகை பாக்கி வழக்கில் நீதிமன்றம் அவளுக்குக் கடைசி வாய்ப்பு கொடுத்திருக்கிறது. ஒரு மாதம் தவறினாலும் வீடு போய்விடும். அதனால் எதற்கெடுத்தாலும் நடுக்கம்.

ஏப்ரல் 17, வியாழன்

வந்துவிட்டது! ஆட்டுத்தொடை வாங்கினேன். ஆலையில் நான்தான் இன்று ராணி.

ஏப்ரல் 25, வெள்ளி

டெலித்துக்கு உதவித்தொகை பூஜ்யம்.

மார்ச் 21 சம்பளமும் ஏப்ரல் 17 சம்பளமும் அவளுடைய ஒரே கணக்கு மாதத்துக்குள் விழுந்துவிட்டன. கணினிக்கு அவள் இரட்டைச் சம்பளக்காரி. கையில் இருந்தது மின்சாரத்துக்கும், மகள் காடியின் காலணிக்கும், ஈஸ்டருக்கும் போய்விட்டது. வாடகையை உதவித்தொகையில்தான் கட்டுவாள்.

உதவித்தொகை அலுவலகத்தில் போனில் கேட்டாளாம். வழக்கமான சம்பளத் தேதியை ஆலை அலுவலகம் பதிந்திருக்க வேண்டுமாம், பணம் உண்மையில் கொடுத்த 17ஆம் தேதியைப் பதிந்துவிட்டார்கள். திருத்தலாம், ஒன்பது வாரம் ஆகலாம் என்றார்களாம்.

ப்ராசர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னான்: "கெஞ்சிக் கேட்டது நீங்கதானே? மனு இன்னும் என் மேசையிலதான் இருக்கு. கொண்டுவரட்டுமா?"

டெலித் என்னைத் திட்டவே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 30, புதன்

டெலித்திடம் நாற்பது பவுண்டு நீட்டினேன். "இத வச்சு நான் என்ன பண்ண, மென்னா? ஒரு கதவு வாங்கவா?" வாங்கிக்கொள்ளவில்லை. சொன்னால் வெட்கம் — எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

மே 9, வெள்ளி

என் உதவித்தொகை வந்தது, போன மாதத்தைவிடக் குறைவு. ஏற்றினார்களாம், ஏற்றினார்கள்!

மே 20, செவ்வாய்

டெலித்தின் வாடகை விவகாரம் முடிந்தது. ஜூன் 12க்குள் காலி பண்ண உத்தரவு. வீட்டு உரிமையாளரின் அலுவலகத்தில், உதவித்தொகையைத் திருத்துகிறோம் என்று வந்த கடிதத்தைக் காட்டினாளாம். "எல்லார்கிட்டயும் ஒரு கடிதம் இருக்கும்மா" என்றானாம் அங்கிருந்தவன்.

இரண்டு மணி நேரம் எதிரெதிரே நின்று விரிப்பு மடித்தோம்.

நான் என்ன, வேண்டுமென்றா செய்தேன்?

ஜூன் 11, புதன்

உயர்வு வந்தது. ஆறு பவுண்டு சில்லறை. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

டெலித்தும் காடியும் ஸ்வான்சியில் தங்கை வீட்டுக்குப் போனார்கள். தரையில் படுக்கை. அங்கிருந்து காலை ஆறு மணி வேலைக்குப் பேருந்து கிடையாது. இரண்டு நாள் தாமதமாக வந்தால் நீக்கிவிடுவேன் என்று ப்ராசர் முன்பே சொல்லிவிட்டான்.

ஜூன் 19, வியாழன்

நீக்கிவிட்டான். மாலையில் என்னைக் கூப்பிட்டான். "அவளோட வேலை நேரத்துல வாரத்துக்குப் பத்து மணி நேரம் உனக்கு. வேணுமா, வேணாமா? வேணாம்னா வெளியில நாலு பேர் நிக்கறாங்க."

வேணும் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய், தானாக இல்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

டெலித் போன் பண்ணினாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்!

"திருத்திட்டாங்க மென்னா! மொத்தமும் இன்னிக்கு வந்துடுச்சு. வீடு போனது போனதுதான், பரவால்ல. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துல ஒரு அறை பாத்திருக்கேன். வேலை இருக்குன்னு காட்டினா குடுத்துடுவாங்க. ப்ராசர்கிட்ட கேக்கலாமா? என் நேரத்த யாருக்குக் குடுத்தான்?"

அந்தப் பத்து மணி நேரத்தில் என் கைக்கு நிற்பது பவுண்டுக்கு நாற்பத்தைந்து பென்ஸ். அதற்கும் குறைவு, வரி போக.

"யாரோ புதுப் பொண்ணு," என்றேன். "கேக்காத கண்ணு. அவமானப்படுத்துவான்."

"சரி," என்றாள். "நீ இருக்கறதால உண்மை தெரிஞ்சுது." நன்றி வேறு சொன்னாள்.