நீ சேர்த்துவைத்த லீவு

என் தினாவுக்கு,

பவானிக்குக் காய்ச்சல். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. திங்கட்கிழமை ஆரம்பித்தது, இன்று வியாழன். வெள்ளானூரில் உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் தங்கை உள்ளறையில் படுத்திருக்கிறாள். உன் லேப்டாப் என் மடியில் இருக்கிறது, சார்ஜர் என் பைக்குள் இருக்கிறது. கேட்டாலும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதுதான் எனக்குப் பயம். ஏனென்று உன்னைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்?

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை மச்சான். செத்துப்போனவன்மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். ஒரு வருடம் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் நாலு பேர் பார்க்கவே எழுதுகிறேன். நம்மைப் போலத் தனியாகத் தொழில் செய்ய வரும் பிள்ளைகள் படித்தால் படிக்கட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள். நம் அப்பாக்கள் இருவரும் தொழிற்சாலைக்காரர்கள். நாம் அம்பத்தூர் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பவர்கள். எந்திரத்தில் இரும்புத் துண்டு அசையாமல் இருக்க ஒரு பிடிப்பு வேண்டும், அதற்கு ஃபிக்சர் என்று பெயர். அதை எந்த அளவில் செய்வது, எங்கே துளை போடுவது என்று கம்ப்யூட்டரில் வரைந்து, ஷீட் ஷீட்டாக அனுப்புவதுதான் வேலை. சம்பளம் கிடையாது. வேலை வந்தால் காசு.

காசு விஷயத்தில் உன்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாதி அட்வான்ஸ் வராமல் நீ ஒரு கோடு இழுத்ததில்லை. கைக்கு வரும் பணத்தில் வரிக்கான பங்கை அன்றைக்கே வேறு கணக்குக்கு மாற்றிவிடுவாய், அது நம் பணமே இல்லை என்பாய். வேலை கொடுக்கும் ஒரே பார்ட்டியை நம்பிப் பிழைக்காதே என்பாய். புது கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் பழையது சம்பாதித்துக் கொடுத்த பிறகு வாங்கு, தவணையில் வாங்காதே என்பாய். பையனுக்கு இருபத்தைந்து ஆனால் அப்பாவுக்குத் தொழிற்சாலை கொடுத்த வைத்திய அட்டையிலிருந்து அவன் பெயர் போய்விடும். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அது ஆஸ்பத்திரி கவுன்ட்டரில்தான் தெரியவரும். நீ மட்டும் இருபத்துநாலு வயதிலேயே உனக்கும் பவானிக்கும் சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்துவைத்தாய்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆறு மாதப் பணம். வீட்டுச் செலவு ஆறு மாதத்துக்கு எவ்வளவோ அவ்வளவும் பேங்கில் கிடக்க வேண்டும், உடம்பு படுத்தால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வருகிறவனிடமெல்லாம் சொல்வாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உன்னைச் சுற்றி ஐந்தாறு பேர் நோட்டும் கையுமாக நிற்பார்கள். எனக்கே பெருமையாக இருக்கும்.

அந்த ஆறு மாதப் பணத்தை என்ன செய்தோம் தெரியுமா? உன் பதினாறாம் நாளுக்குப் பந்தல் போட்டோம். மீதியை உன் அம்மா தொடவில்லை. ஆறு மாதம் படுத்திருக்கக் காசு வைத்திருந்தவன் மூன்று நாள் படுக்க மாட்டேன் என்றானே என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். எனக்கு அழுகைகூட வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

லீவே போடாத அந்தப் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உன் அப்பா முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தார். சங்கு ஊதுவதற்குள் கேட்டில் இருப்பார். எடுக்காத லீவு முந்நூறு நாள் சேர்ந்தது, ரிடையர் ஆனபோது அத்தனைக்கும் காசு கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, மேளம் அடித்து, வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். அந்த லீவுக் காசில்தான் வெள்ளானூர் வீட்டுக்கு மாடியில் ஓர் அறை எழும்பியது. அம்மா அதை இன்றைக்கும் லீவு ரூம் என்றுதான் சொல்கிறார். உன் மேசையும் கம்ப்யூட்டரும் அங்கேதான் இருந்தன.

குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. யாருக்கு எத்தனை நாள் சேர்ந்திருக்கிறது என்று நகைக் கணக்கு மாதிரி பேசிக்கொள்வார்கள். என் அப்பா அம்மை போட்டபோது லீவு எடுத்தார் என்று என் அம்மா பத்து வருடம் குத்திக்காட்டினார். அந்த வீடுகளில் வளர்ந்து, தொழிற்சாலைக்கும் போகாமல், லீவை மட்டும் நீ விடாமல் பிடித்துக்கொண்டாய். நாலு வருசமா ஒரு நாள் போடல மாமே என்று மார்தட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில்கூட போனில் வரைபடம் பார்த்துக்கொண்டுதான் பேசுவாய். யார் கணக்கில் சேர்த்தாய் அதை? எந்தப் பட்டறைக்காரன் உனக்கு மாலை போட்டு வேன் வைக்கப் போகிறான் என்று நான் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். நானும் குவார்ட்டர்ஸ்காரன்தானே, கேட்கத் தோன்றவில்லை.

போன மழைக்காலம் உனக்கும் திங்கட்கிழமைதான் காய்ச்சல் ஆரம்பித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வரைந்தாய். புதன்கிழமை டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, டெங்கு, இன்றைக்கே சேர்ந்துவிடு என்றார். சனிக்கிழமை டெலிவரி இருக்கிறது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவருக்கே பதில் சொல்லிவிட்டு வந்தாய். டெங்குவுக்கு சனிக்கிழமை தெரியுமா?

வியாழன் காலை எனக்கு போன் செய்தாய். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை, பவானியிடம் சொல்லவில்லை.

"ஜொரம் உட்டுச்சி மாமே. ஆனா உடம்பு ஒரு மாறியா கீது. மீதி எட்டு ஷீட்டு நீ போட்டுக் குடுக்கிறியா?"

எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு டெலிவரி இருந்தது. சின்ன வேலை, அட்வான்ஸ்கூட வாங்காத வேலை. நான் சொன்னேன்:

"அதான் ஜொரம் உட்டுடுச்சே மச்சான். ரெண்டு நாளு தம் கட்டு. குடுத்துட்டு அப்பால மல்லாந்து தூங்கு."

நீ சிரித்தாய். சரி மாமே என்று வைத்துவிட்டாய். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா சொன்னார். அதற்குள் நீ வாந்தியெடுத்து, கை கால் சில்லிட்டு, அம்மா ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து, எல்லாம் கை மீறிப் போயிருந்தது. இருட்டுவதற்கு முன் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை உன்னை எடுத்தோம். அன்று காலை பார்ட்டியிடமிருந்து உன் போனுக்கு மெசேஜ் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். அழுகிற பொம்மை ஒன்றை அனுப்பினார். ஐந்து நிமிடம் கழித்து, அந்த ஃபைல் மட்டும் கிடைக்குமா என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? லீவு ரூமுக்கு ஏறிப்போய் உட்கார்ந்து எட்டு ஷீட்டையும் போட்டு அனுப்பினேன். கீழே உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். உயிரோடு கேட்டபோது நேரமில்லாதவனுக்கு அப்போது எப்படி நேரம் வந்தது? ஏழாவது ஷீட்டில் ஒரு துளை விட்டுப்போச்சு என்று சாயங்காலம் பதில் வந்தது. அதையும் திருத்திக் கொடுத்தேன்.

உன் நாற்காலியில் இப்போது பவானி உட்கார்கிறாள். டிப்ளமோ முடித்துவிட்டாள், கோடு உன்னுடையதைவிடச் சுத்தம். உன் பார்ட்டிகள்தான் அவளுக்கும். அட்வான்ஸ், வரிப் பணம், இன்சூரன்ஸ் எல்லாம் நீ சொன்னபடி. அந்தச் சனிக்கிழமைப் பார்ட்டியை நம்பித்தான் பாதிக்கு மேல் வருமானம், அதில் மட்டும் உன் பேச்சைக் கேட்கவில்லை. உன்னுடைய அந்த வியாதியையும் எடுத்துக்கொண்டாள். எட்டு மாதமாக ஒரு நாளும் மூடியதில்லை என்று எங்களிடம் சொன்னபோது அப்படியே உன் குரல்.

போன மாதம் பட்டாபிராமில் உன் டீக்கடைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டார்கள். உன் போட்டோ போட்டு நோட்டீஸ். அதன் கீழே கொட்டை எழுத்தில், நான்கு ஆண்டுகளில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத உழைப்பாளி என்று அச்சடித்திருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். அட்வான்ஸ் பற்றிப் பேசினேன், ஆறு மாதப் பணம் பற்றிப் பேசினேன், கைதட்டினார்கள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முன் வரிசையில் உன் அப்பா உட்கார்ந்திருந்தார்.

நான் உட்கார்ந்ததும் அவர் எழுந்தார். மைக் வேண்டாம் என்றார். நோட்டீஸை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு முந்நூறு நாளைக்குக் காசு குடுத்தாங்க. ஆபீஸ்ல கூப்ட்டு கையெழுத்து வாங்கிகினு குடுத்தாங்க. எம் புள்ள சேத்து வெச்ச லீவுக்கு நான் எந்த ஆபீஸ்ல போயி கையெழுத்துப் போடணும், சொல்லுங்கபா."

அவரை வீட்டுக்குக் கூட்டிவரும்போது ஆட்டோவில் பவானி அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு மேசைக்குப் போய்விட்டாள். மகளிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. வீட்டில் அந்தப் பெருமையை வளர்த்தவர் அவர்தானே.

இந்த வாரமும் சனிக்கிழமை டெலிவரி. அதே பார்ட்டி. நேற்றே ரத்தம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம், ரிசல்ட் வாங்க உன் அப்பா ஆவடிக்குப் போயிருக்கிறார். சற்று முன் பவானியின் போன் அடித்தது. அதையும் நான்தான் வைத்திருக்கிறேன். பார்ட்டிதான். எடுத்த எடுப்பில் சனிக்கிழமை உறுதிதானே என்றார்.

"சனிக்கெழம வராது அண்ணாத்தே. பவானி லீவு."

எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். நீங்களாவது போட்டுத் தாருங்கள் என்றார். முடியாது, ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்றேன். அப்படியென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். வீட்டு வருமானத்தில் பாதி அரை நிமிடத்தில் போய்விட்டது. உள்ளறையிலிருந்து பவானி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அப்பா வந்துவிட்டார். டெங்குதான். ரத்தத் தட்டணு குறைந்திருக்கிறது. பையைத் தயாராக வைத்திருந்தோம், கிளம்புகிறோம். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

சனிக்கிழமை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன்.

நேற்று முழுக்க உயிர் கையில் இல்லை. பிரஷர் இறங்கியது, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். உன் அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நின்றபடியே இருந்தார். இன்று காலை டாக்டர், நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், பிழைத்துக்கொண்டாள் என்றார். நீ எடுத்துவைத்த இன்சூரன்ஸில்தான் சேர்த்திருக்கிறோம். கவுன்ட்டரில் அட்டையைக் கொடுக்கும்போது உன்னைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

மத்தியானம் பவானி அரை இட்லி சாப்பிட்டாள். இன்னிக்கு இன்னா கெழம என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். ஓ என்றாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது, போய்க்கொண்டும் இருக்கிறது மச்சான். டெலிவரி போகவில்லை. யாரும் கேட்கவில்லை. அம்பத்தூரில் பட்டறை ஓடிக்கொண்டுதான் இருக்கும், வேறு யாரோ கோடு போட்டுக் கொடுத்திருப்பார்கள். இதற்கா போனாய்? உன் சனிக்கிழமையும் இப்படித்தானே சாதாரணமாகப் போயிருக்கும், நான் அன்று சரி, நான் போடறேன், நீ போய்ப் படு என்று சொல்லியிருந்தால்?

பவானி வீடு திரும்பியதும் போன வருடம் நீ செய்த அந்த போன் விஷயத்தை அவளிடமும் அப்பா அம்மாவிடமும் நானே சொல்லப்போகிறேன். துரத்தினால் துரத்தட்டும். அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளிடமும் சொல்வேன். ஆறு மாதப் பணம் சேர்த்துவைப்பது இருக்கட்டும், படுக்கிற அன்றைக்கு அதை எடுத்துச் செலவு பண்ணத் தெரியுமா என்று கேட்பேன். யார் உடம்பு முடியாமல் போன் செய்தாலும் எத்தனை ஷீட் என்று மட்டும் கேட்பேன், வேறு ஒரு வார்த்தை பேசமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

அந்த எட்டு ஷீட்டை நேரத்துக்குப் போட்டுத் தராத,
உன் மாமன்
குமரேசன்