முதல் ரீலில் சாகிறவன்

கார்த்திகை 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக் காதுக்கு ஸ்க்ரூவும். நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் கோவிந்தராஜு வந்து, வயலில் தண்ணீர் வடியவில்லை, வடிவாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். அது காதில் ஏறவே இல்லை.

ஏனென்றால் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போன். சென்னையிலிருந்து திவ்யா என்று ஒரு பெண், ஏதோ சீரியலில் உதவி டைரக்டராம். "சார், நீங்க இன்னும்..." என்று இழுத்தாள். இருக்கிறேன் என்றேன். பூதலூர்ப் பக்கம் ஷூட்டிங். கதாநாயகியின் தாத்தாவுக்கு என் பெயரைத்தான் டைரக்டர் சொன்னாராம். விவரம் நாளைக்கு என்று வைத்துவிட்டாள்.

ஜெயத்திடம் சொன்னேன். (இனி ஜெ. கை நடுக்கத்தில் பெண்டாட்டி பெயரைக்கூட முழுசாக எழுத முடியவில்லை.) அரிசி களைந்துகொண்டே, "மறுபடியும் சாகணுமா?" என்றாள். அவ்வளவுதான்.

கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டியவன் சினிமாவுக்குப் போனேன். முதல் படத்தில் மகள் கல்யாணம் நின்றுபோனது கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தூணோரம் சரிந்தேன். நன்றாகச் சரிந்துவிட்டேன், அதுதான் வினை. அதன்பிறகு எவன் படத்தில் அப்பா சாக வேண்டுமோ அவன் என்னைக் கூப்பிட்டான். தலைக்கு வெள்ளை பூசி, என்னைவிட மூத்த ஹீரோவுக்கெல்லாம் அப்பா. தந்தியைப் படித்துச் சாவு. கோர்ட்டில் சாவு. எல்லாம் முதல் ரீலில். கொட்டகைக்குத் தாமதமாக வருகிறவர்கள் என்னைப் பார்த்ததே கிடையாது. பிறகு டி.வி. வந்தது. கறுப்பு வெள்ளை நாடகத்தில் பஞ்சாயத்துத் தலைவர், அப்புறம் சீரியல் தாத்தா. அங்கே மட்டும் என்ன, வெள்ளிக்கிழமை எபிசோடில் சாவு. சாகாமல் ஒரு நாலு வார்த்தை பேசவிட்டார்களா.

இப்போது வயது எண்பத்தெட்டு. இதுதான் கடைசி வாய்ப்பு. எனக்குத் தெரியும்.

கார்த்திகை 9, செவ்வாய்

மழை விட்டுவிட்டுத் தூறல். முடி வெட்டிக்கொண்டேன். மாத்திரை வாங்கியாயிற்று. ஸ்க்ரூ கிடைக்கவில்லை, நூல் கட்டியிருக்கிறேன். டீக்கடையில் சும்மா இருந்திருக்கலாம். "நாளை மறுநாள் ஷூட்டிங் இருக்கும்போலிருக்கு" என்று நானாகச் சொல்லித் தொலைத்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "யாரு இவரு?" "அந்தக் காலத்து ஆக்டரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டே இருப்பாருல்ல, அவரு."

மதியம் திவ்யாவின் போன். நான் வர வேண்டியதே இல்லையாம். வெள்ளை வேட்டியில் எடுத்த போட்டோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். பெரிது பண்ணி, சட்டம் போட்டு, சீரியல் வீட்டு ஹாலில் மாட்டுவார்களாம். மாலை போட்டு. தாத்தா கதை ஆரம்பிக்கும் முன்பே இறந்துவிட்டாராம்.

முதல் ரீல்கூட இல்லை. அதற்கும் முன்னால்!

ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் தவறு. ஜெ. கேட்டுவிட்டாள். போனைப் பிடுங்கி, "உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரும்மா. மாலை போடுறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு சாமி விளக்கை ஏற்றினாள், மணி மூன்றுதான். இரண்டு பேரும் ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ரசம் நன்றாகத்தான் இருந்தது.

கார்த்திகை 11, வியாழன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

ஜெ. கோயிலுக்குப் போயிருந்த நேரம் நானே திவ்யாவுக்குப் போன் போட்டேன். போட்டோ தருகிறேன், எனக்கு ஒரு சீன் வேண்டும், அதில் ஒரு வசனம் வேண்டும். கெஞ்சினேனா மிரட்டினேனா தெரியவில்லை. இரண்டும்தான். டைரக்டரைக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டாள். ஃப்ளாஷ்பேக். கட்டிலில் கிடக்கிறேன், பேத்தி கையைப் பிடித்திருக்கிறாள். வசனம் வந்துவிட்டது:

"வாசக்கதவ சாத்தாதம்மா. உங்கப்பன் வருவான்."

பிறகு சாவு. போகட்டும். ஆனால் நல்ல வசனம். ஓடிப்போன மகன் வருவான் என்று கிழவன் நம்புகிறானா, பேத்திக்காகச் சொல்கிறானா? எங்கே நிறுத்துவது? "சாத்தாதம்மா"வுக்குப் பிறகு மூச்சு வாங்கலாம். "உங்கப்பன்" என்னும்போது குரல் தேய வேண்டும். கொல்லையில், குளியலறையில், மாடிப்படியில் என்று சொல்லிப் பார்த்தேன். ஜெ.யிடம் ஒருவழியாகச் சொன்னேன். காய்ந்த துணியை எல்லாம் மடித்து வைத்தாள். கடைசியில் ஒரு நிபந்தனை: நிஜப் பூ கூடாது, பிளாஸ்டிக் மாலைதான் போட வேண்டும். படத்துக்குச் சந்தனப் பொட்டும் வைக்கக் கூடாது. திவ்யா சரி என்றாள். "எங்ககிட்ட எப்பவும் பிளாஸ்டிக்தான் சார்."

கார்த்திகை 13, சனி

எழுதித்தான் ஆக வேண்டும். முதுகு உடைகிறது.

இருட்டோடு கார் வந்தது. ஜெ. வரவில்லை. "நீங்க சாகுறத நான் எதுக்குப் பாக்கணும்?" பூதலூரைத் தாண்டி ஒரு பெரிய வீடு. இட்லி ஆறிப்போயிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்கள். காலை போயிற்று. மாமியாரும் மருமகளும் ஏதோ பால் செம்புக்காகச் சண்டை போடும் சீனை நாலு பக்கமிருந்தும் எடுத்தார்கள். சாப்பாடு. மழை. நிறுத்தம். யாரும் வந்து ஐயா தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. ஹால் சுவரில் நான் ஏற்கனவே மாட்டப்பட்டிருந்தேன், பிளாஸ்டிக் ரோஜா மாலையோடு.

இருட்டுகிற நேரத்தில் கூப்பிட்டார்கள். கட்டில், போர்வை, பேத்தி. நல்ல பெண்தான், கண்ணில் கிளிசரின். டைரக்டருக்கு என் கடைசிப் பேரன் வயதிருக்கும். ஆக்‌ஷன் என்றார். நான் மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறேன், திவ்யா பக்கத்திலிருந்து என் வசனத்தைச் சத்தமாகப் படிக்கிறாள்! இப்போதெல்லாம் இப்படித்தானாம். அவர்கள் சொல்லச் சொல்ல நாம் வாயசைத்தால் போதும், குரல் பிற்பாடு. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு யாரும் எடுத்துக் குடுக்க வேணாம்மா. நான் நாடகக்காரன்."

முணுமுணுத்தார்கள். கேட்டது, காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி ஆக்‌ஷன். சொன்னேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். "உங்கப்பன்" தேய்ந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு சரியாக எதையும் சொன்னதில்லை. தலை சாய்ந்தது. பேத்திப் பெண் நிஜமாகவே ஒரு கணம் திகைத்தாள்.

"ஓகே. அடுத்து கிச்சன்" என்றார் டைரக்டர்.

லைட்டைத் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. செத்துப்போகிற மாதிரி நடித்தால், எழுந்திருக்கும் முன் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆகாது. நான் செத்த ஒவ்வொரு படத்திலும் சிரித்துவிட்டுத்தான் எழுந்தேன், அதனால்தான் இன்னும் உயிரோடு கிடக்கிறேன். டைரக்டரிடம் சொன்னேன். அதெல்லாம் இப்ப யாரும் பாக்குறதில்லைங்க சார், மெமரி கார்டு ஃபுல்லா இருக்கு என்றார். எழுந்திருக்க மாட்டேன் என்றேன். கிழவனைத் தூக்கி இறக்கவா முடியும்? கேமராக்காரர்தான், "விடுங்க, எடுத்துருவோம்" என்றார்.

கடனே என்று பல்லைக் காட்டினேன். காட்டும்போது எதிர்ச் சுவரில் நான். மாலையோடு, மகா கம்பீரமாக என்னையே முறைத்துக்கொண்டு. சுற்றி இத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பிணம் சிரிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. வயிறு குலுங்கி, இருமி, கண்ணில் தண்ணீர். கட் சொல்லியும் நிற்கவில்லை.

கார்த்திகை 14, ஞாயிறு

உடம்பு வலி. தைலம். வெந்நீர். கோவிந்தராஜு ஆள் விட்டு வாய்க்காலைத் திறந்துவிட்டாராம், பயிர் தப்பியது. சம்பளம் பற்றி எவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வசனம் நன்றாக வந்தது. அது போதும். அடுத்த திங்கள் ஒளிபரப்பு என்று திவ்யா மெசேஜ். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடமும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கார்த்திகை 22, திங்கள்

பக்கத்து வீட்டார், கோவிந்தராஜு, அவர் மருமகள். நாற்காலி போதாமல் பாய். ஜெ. சமையலறை வாசலில் நின்றாள், உட்காரவில்லை.

வசனம் இல்லை.

வெட்டிவிட்டார்கள். கட்டில் இல்லை, கதவு இல்லை, சாவும் இல்லை. பேத்தி ஹாலில் போட்டோவைப் பார்த்து அழுகிறாள். தாத்தா நினைவுக்கு வருகிறார். வந்தது என்ன? அந்தச் சிரிப்பு! சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டிருக்கிறார்கள். நான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். அரை நிமிஷம் இருக்கும். பிறகு விளம்பரம். எல்லோரும் நல்லா இருந்துச்சுங்க என்றார்கள். கோவிந்தராஜுவின் மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டதாம். எனக்கு எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கத் தோன்றியது. இத்தனை வருஷ உழைப்பில் நான் சரியாகச் சொன்ன ஒரே வசனம் எங்கேயோ ஒரு கார்டில் அழிந்துவிட்டது. மிச்சம் வைத்தது நான் நடிக்காததை.

எல்லோரும் போன பிறகு ஜெ.யிடம் கத்தினேன். வசனத்தை வெட்டியது பற்றி, டைரக்டர் பற்றி, இந்தக் காலம் பற்றி. பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓய்ந்த பிறகு சொன்னாள்:

"வசனத்தத்தான் கொல்லையில நின்னு கேட்டேனே. இந்தச் சிரிப்பத்தான் பாத்து ரொம்ப வருசமாச்சு. பூதலூர்ல போயி ஊரான் முன்னாடி சிரிச்சுட்டு வந்திருக்கீங்க."

பாயை மூலையில் சாத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை.

கார்த்திகை 23, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. கண்ணாடிக்கு ஸ்க்ரூ கிடைத்தது.

காலையில் ஜெ. காபி கொண்டுவந்து வைத்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, பல்லு வலிக்குதா?"