உங்கள் இடப்பக்கம் தெரிவது

1 ஜூலை, செவ்வாய்

காலையில் மழை. பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். மூங்கில் கம்பில் துணி மறுபடியும் வெளியே.

வாங்க: முட்டை, கறிவேப்பிலை, வீட்டுக்காரருக்கு முழங்கால் தைலம், எனக்குத் தொண்டை மிட்டாய்.

தொண்டை மிட்டாய் ஏன்? மிஷல் கூப்பிட்டாள்! கிளார்க் கீ ஆற்றங்கரையில் சுற்றுலாப் படகு விடுகிறார்களே, அந்த அலுவலகத்துப் பெண். சமூக மன்றத்தில் அறிவிப்பைப் பார்த்துப் போன மாதம் எழுதிப் போட்டேன். மறந்தும் போனேன். (பொய். தினமும் போனைப் பார்த்தேன்.) ஈரோட்டிலிருந்து சுற்றுலாக் குழு, இருபத்தெட்டுப் பேர், சனிக்கிழமை மாலைப் படகு. தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமாம். "ட்ரை ஒன் டிரிப் ஃபர்ஸ்ட் லா, ஆன்ட்டி."

நன்றாக வந்தால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான். வராவிட்டால் தமிழுக்கும் ஒரு குரலைப் பதிவு செய்து மெஷினில் போட்டுவிடுவார்களாம்.

வீ.கா. (முழுசாக எழுதினால் கை வலிக்கிறது) டிவியை நிறுத்தாமலே: "அப்போ உனக்கும் மெஷினுக்கும் போட்டியா?"

ஆமாம். போட்டிதான்.

முட்டை வாங்க மறந்துவிட்டேன்.

3 ஜூலை, வியாழன்

மப்பு. மழை இல்லை.

ஒத்திகை பார்க்கச் சொல்லி மிஷல் படகில் சும்மா ஏற்றிவிட்டாள். எங்கள் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். படகோட்டி அஹ்மத், நம் வயசு இருக்கும், மலாய்க்காரர். "மக்சிக், பயப்படாத லா" என்று தமிழிலேயே சொன்னார். (மக்சிக் என்றால் மலாயில் ஆன்ட்டி.) துறைமுகத்தில் வேலை பார்த்தபோது கற்ற தமிழாம். மொத்தமே பத்து வார்த்தை, அதில் நாலு கெட்ட வார்த்தை என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஆங்கில ஒலிப்பதிவைக் கேட்டேன். ஜலதோஷமே பிடிக்காத குரல். எதிர்வரிசையில் ஒருவர் ஏதோ சந்தேகம் கேட்க வாயைத் திறந்தார், யாரைக் கேட்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மனசுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

குறித்துக்கொண்டவை:
போகும்போது இடப்பக்கம்: நாடாளுமன்றம், வெள்ளைச் சிலை.
வலப்பக்கம்: போட் கீ பழைய கடைவீடுகள். அந்தக் காலத்தில் தொங்கான் படகிலிருந்து அரிசி மூட்டை இறங்கிய இடம். அப்புறம் பழைய தலைமை அஞ்சலகம் (இப்போது ஹோட்டல்), மெர்லயன் சிலை (சிங்கத் தலை, மீன் உடல்).
கேவனா பாலம்: மாடு, குதிரைக்கு அனுமதி இல்லை என்று பலகை. தமிழிலும் எழுதியிருக்கிறது. அப்படியென்றால் மாட்டை ஓட்டி வந்த நம் ஆட்கள் படித்தவர்கள்! இதைக் கட்டாயம் சொல்லணும்.

ரயிலில் திரும்பும்போது என் பழைய நிலையத்தைத் தாண்டினேன். முப்பது வருஷம் அந்த கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால். வெளிவாசல் எது, கழிவறை எங்கே, தேக்கா சந்தைக்கு எந்தப் பக்கம். ஒரு தடவைகூட யாருக்கும் தப்பாக வழி சொன்னதில்லை. ஜனவரியில் ஓய்வு. அதிலிருந்து இந்த ஆறு மாதமாக ஒருத்தரும் என்னிடம் வழி கேட்கவில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, சரிதான். ஆனாலும் கஷ்டமாக இருக்கிறது. வீ.கா.விடம் சொன்னால் சிரிப்பார். அதனால் இங்கே.

4 ஜூலை, வெள்ளி

ஹாலில் சாப்பாட்டு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டேன். அதுதான் படகு. வீ.கா. பயணி. நான் முன்னால் நின்று, படகில் நிற்கிற மாதிரியே அவரைப் பார்த்தபடி, முழுவதும் வாசித்தேன். சமையலறை நாடாளுமன்றம். டிவி மெர்லயன்.

இரண்டு நிமிடத்தில் கையைத் தூக்கினார்.

"இடதுங்கறே, கை டிவியக் காட்டுது. வலதுங்கறே, சமையலறையக் காட்டுது. நான் எதைப் பாக்கறது?"

அட, ஆமாம். நான் எதிர்த்தாற்போல நிற்கிறேன், என் இடது அவருக்கு வலது. நல்லவேளை வீட்டிலேயே தெரிந்தது. சிவப்புப் பேனா எடுத்து நாலு பக்கத்திலும் இடதையெல்லாம் வலதாக்கி, வலதையெல்லாம் இடதாக்கினேன். மறுபடி வாசித்தேன். கை இப்போது சரியான பக்கம் போனது.

"இப்போ கரெக்ட்" என்றார் வீ.கா. எழுந்து டீ போடப் போனார். நாடாளுமன்றத்துக்குள்.

நாளைக்கு: நீலப் புடவை (காற்றில் பறக்காமல் இருக்க ஊக்கு நாலு), தட்டைச் செருப்பு, மிட்டாய், தாள். சாமி கும்பிட்டாயிற்று.

5 ஜூலை, சனி

நல்ல காற்று. மழை இல்லை. ஐயோ, எங்கிருந்து ஆரம்பிக்க.

ஏழு மணிப் படகு. இருபத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு பையோடு ஏறினார்கள். முறுக்கு வாசனை. முதல் வரிசையில் ருக்குமணி என்று ஒரு அம்மா, ஊதாப் புடவை, உட்கார்ந்ததுமே என்னிடம் ஒரு சீடையை நீட்டினார். மிஷல் கடைசி வரிசையில், மடியில் ஒரு அட்டை. அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. பயணிகள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மார்க் போடுவாள்.

வணக்கம் நன்றாக வந்தது. குரல் நடுங்கவில்லை.

"உங்கள் இடப்பக்கம் தெரிவது, நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட கடைவீடுகள். அரிசியும் மிளகும் இறங்கிய இடம்."

இருபத்தெட்டுத் தலையும் இடது பக்கம் திரும்பியது. போட்டோ எடுத்தார்கள்.

ருக்குமணி அம்மா: "ஏனுங்க அம்மிணி, கடைன்னீங்க, இது மாளிகையாட்ட இருக்குதுங்களே?"

பார்த்தேன். நாடாளுமன்றம். நாக்கு குழறி அடுத்த வரிக்குத் தாவினேன். "வலப்பக்கம் வெள்ளைச் சிலை."

எல்லாரும் வலது பக்கம். பின்னாலிருந்து ஒருவர்: "சிலையக் காணோமுங்க. பீர் குடிக்கறவங்கதான் உக்காந்திருக்காங்க!"

படகே சிரித்தது. முதுகுக்குப் பின்னால் அஹ்மத், "மக்சிக், கிரி, கானன்!" என்று மலாயில் இடது வலது சொல்லி, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் மாற்றி மாற்றி ஆட்டினார்.

அப்போதுதான் புரிந்தது. ஒரு கையில் மைக். ஒரு கையில் தாள். காட்டுவதற்குக் கையே இல்லை! ஹாலில் வீ.கா. என் கையை மட்டும் பார்த்து கரெக்ட் என்றிருக்கிறார். 'உங்கள் இடப்பக்கம்' என்றால் அவர்கள் இடது, என் இடது இல்லையே; முதலில் எழுதியதுதான் சரி. சிவப்புப் பேனாவால் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் தப்பாக்கியிருக்கிறேன்.

முப்பது வருஷம் தப்பாக வழி சொல்லாதவள். காது சுட்டது. கடைசி வரிசையில் மிஷல் அட்டையில் ஏதோ எழுதுவது தெரிந்தது. முடிந்தது கதை, மெஷின் ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அழுகை வந்தது. வாய் ஏதோ வாசித்துக்கொண்டே இருந்தது.

"அடுத்து, உங்கள் இடப்பக்கம்..."

சொல்லி முடிக்கவில்லை. இருபத்தெட்டுப் பேரும் சேர்ந்தாற்போல வலது பக்கம் திரும்பினார்கள். அங்கே பழைய அஞ்சலகம், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு. ருக்குமணி அம்மா கை தட்டினார். "நாங்க கண்டுபுடிச்சிட்டமுங்க!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்தது நிற்கவில்லை. தாளை மடித்துப் புடவை மடிப்பில் செருகினேன். கை கிடைத்தது. அப்புறம் கையாலேயே காட்டினேன், வாயில் வந்ததைச் சொன்னேன். மாட்டுப் பலகை கதைக்குப் பெரிய சிரிப்பு. மெர்லயன் வந்ததும் நான் வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் நின்றேன். "வலது!" என்று கோரஸ். வெளிக்கடலில் கப்பல் விளக்குகள் இங்கே தெரியுமா என்று ஒருவர் கேட்டார். தெரியாது, முன்னால் அணை கட்டிவிட்டார்கள், இப்போது இது நல்ல தண்ணீர் என்றேன். பதில் சொல்ல எவ்வளவு சுகமாக இருந்தது.

மிஷல் இறங்கினாள். "ஐ மெசேஜ் யூ, ஆன்ட்டி." அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

குழு என்னைச் சுற்றிக்கொண்டது. தேக்காவில் சாப்பாடாம், பஸ் காத்திருக்கிறதாம். "பஸ்ஸு எந்தப் பக்கமுங்க?" என்று ருக்குமணி அம்மா.

ஆறு மாதத்தில் முதல் கேள்வி! "படி ஏறி இடது பக்கம்மா" என்றேன். அது சத்தியமாக இடது பக்கம்தான்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். படி ஏறினார்கள். இருபத்தெட்டுப் பேரும் வலது பக்கம் போனார்கள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

6 ஜூலை, ஞாயிறு

வெயில். கால் வலி. முழங்கால் தைலத்தில் பாதி எனக்கு.

வீ.கா. இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். மூன்றாவது தடவை சிரித்துவிட்டார்.

மிஷல் செய்தி, பதினொரு மணிக்கு: எவ்ரி சாட்டர்டே, கேன்? (முடியுமா என்கிறாள்.) அந்த லெஃப்ட்-ரைட் கேம் ரொம்ப நல்லா இருந்ததாம். எல்லாருடைய தலையும் ஒன்றாகத் திரும்பியதாம். மெஷினால் அது முடியாதாம். கட்டாயம் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

கேம்!

வீ.கா.: "கம்முனு இரு. ஒண்ணும் சொல்லாத."

அரை மணி நேரம் இருந்து பார்த்தேன். முடியவில்லை. அது கேம் இல்லை, என் தப்பு என்று அனுப்பிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

பதில் உடனே வந்தது. அஹ்மத் நேற்றே சொல்லிவிட்டாராம். பரவாயில்லையாம், கேம் இருக்கட்டுமாம்.

நாற்காலிகளை மறுபடி போட்டாயிற்று. வீ.கா. முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறார். இனி வேண்டுமென்றே தப்பாகச் சொல்லப் பழக வேண்டும். நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நாலு தடவையும் சரியாகவே வந்து தொலைக்கிறது.