ரோஸி கேட்ட தீர்ப்பு

டிசம்பர், முதல் ஞாயிறு. இரவு.

இன்று சபையில் திருவிருந்து. பீடத்தின் முன் முழங்காலிட்டிருந்தேன். பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள் ரோஸி, என் கொழுந்தன் மனைவி. முடிச்சூரில் ஏரி உடைந்து வெள்ளம் வந்தபோது, தன் வீட்டு மாடியில் இருந்துகொண்டே எங்களுக்குக் கதவைத் திறக்காதவள். கழுத்தளவு தண்ணீரில் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு தட்டினேன். அந்தக் கதவின் பச்சை நிறம்கூட எனக்கு மறக்கவில்லை. அன்று முதல் ஒரே ஜெபம்தான்: ஆண்டவரே, அவளுக்கு நீர் தீர்ப்புச் செய்யும்.

பகையோடு திருவிருந்தின் அப்பத்தை வாங்கக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். சபைப் போதகர் ஐயர் அப்பத்தை நீட்டியதும் கையை மூடிக்கொண்டாள்.

"அக்கா, அன்னிக்கு பயத்துல தொறக்காம வுட்டுட்டேன். மன்னிச்சேன்னு நீ சொல்லு, வாங்கறேன். இல்லன்னா எழுந்து போயிடறேன்."

"பாட்டிம்மா, பின்னாடி சபையே காத்துட்டிருக்கு" என்றார் ஐயர்.

நான் கேட்ட தீர்ப்பை ஆண்டவர் என் வாயிலேயே வைத்துவிட்டார். அவரே என் நாக்கை அசைப்பார் என்று காத்திருந்தேன். அசைக்கவில்லை. ஏரியையே ஊருக்குள் அனுப்பியவர், ஒரு கிழவியின் நாக்கைத் தொடாமல் நின்றார்.

"வாங்கித் தொலைடி, முட்டி நோவுது" என்றேன்.

அழுதுகொண்டே வாங்கினாள். நானும் வாங்கினேன்.

கோபம் இன்னும் போகவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் சொன்னேன். மாட்டேன் என்றிருந்தாலும் ஆண்டவர் தடுத்திருக்க மாட்டார். அவ்வளவு பெரியவர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தால், விளக்கை அணைக்கக் கை வரவில்லை.